சுள்ளி யாருடையது?

"அப்ப இந்தத் தடவ எங்களுக்கு வெறகு கெடையாதா தாயி?"

கேட்டவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தாயி என்பார். விடிவதற்கு முன் போடியிலிருந்து கிளம்பும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுக்குப் போகும் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பல வருடம் காய் எடுத்தவர். ஏலம் உச்சியில் காய்க்கிற செடியில்லை. தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு படரும் சரத்தில் காய்க்கும். அதைப் பறிக்க நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும் நகர வேண்டும். முழங்கால் விட்டுப்போன பிறகு அவர் மலை ஏறுவதை நிறுத்திவிட்டு அடிவாரத்து வேலைகளுக்கு மட்டும் வருகிறார்.

போடிக்கும் முந்தலுக்கும் இடையில் அம்மா வழியாக எனக்கு வந்த இரண்டரை ஏக்கர் இருக்கிறது. கீழ்ப்பாதியில் இலவமும் மாவும் நிற்கின்றன. சரிவான மேல்பாதியில் பல வருடங்களாக யாரும் கைவைக்கவில்லை. சவுண்டல் கன்றுகள் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி, அவற்றின் மேல் உண்ணிச்செடி ஏறிப் பின்னி, உள்ளே நாய்கூட நுழைய முடியாத புதராகிவிட்டது. அதை வெட்டித் திருத்த முடிவு செய்தேன். வெட்டியதை என்ன செய்வது என்று யோசித்தபோது ஒரு சிப்பர் வாங்கலாம் என்று தோன்றியது. கொப்பையும் சிமிரையும் வாயில் கொடுத்தால் சில்லுச் சில்லாகத் துப்பும் இயந்திரம் அது. தென்னந்தோப்புக்காரர்கள் 'மட்டை அரைக்கிற மிஷின்' என்று சொல்வதன் உறவுக்காரி.

இதை அக்காவிடம் நல்ல செய்தியாகத்தான் சொன்னேன். இனிமேல் முள்ளுக்கட்டைத் தலையில் வைத்துச் சரிவில் இறங்க வேண்டாம், மிஷின் பார்த்துக்கொள்ளும் என்றேன். அதற்கு அவர் திருப்பிக் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிய கதை.

*

முதலில், சிப்பர் வேண்டும் என்று நினைத்ததில் இருந்த நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது வெறும் சொகுசு ஆசை அல்ல.

வெட்டிய புதரை எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: காயவிட்டுத் தீ வைத்துவிடு. மலையடிவாரத்தில் அப்படிச் செய்ய எனக்குத் துணிவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்திருந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். மாசி, பங்குனியில் இந்தச் சரிவுகளின் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும், மதியத்துக்கு மேல் காற்று எப்படித் திரும்பும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். என் வரப்பில் நான் வைக்கும் தீ என் வரப்போடு நின்றுவிடும் என்று யாரும் எனக்கு உறுதி தர முடியாது. வெட்டியதை அப்படியே குவித்து வைப்பதும் தீக்குத் தீனி சேர்த்துவைப்பதுதான்.

சில்லாக்கினால் அந்தக் குவியல் பத்தில் ஒரு பங்குபோலச் சுருங்கும். அதைச் சரிவில் பரப்பினால் மழை மண்ணை நேராக அறையாது, ஈரம் நிற்கும், களை மட்டுப்படும். ஏலத்தோட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. மழைக்கு முன் நிழல் மரங்களில் கொப்பு இறக்குவதும், இலை தழையைச் செடியின் தூரைச் சுற்றி மூடாக்காகப் போடுவதும் அங்கே வருடாந்திர வேலைகள். காட்டு மரங்களின் நிழலும் உதிர்ந்த இலையின் ஈரமும் இல்லாமல் ஏலம் இல்லை. அந்த அறிவை மேலிருந்து கொஞ்சம் கீழே இறக்கி என் சரிவுக்குக் கொண்டுவரத்தான் நினைத்தேன்.

ஆகவே, என் மண்ணுக்கு அந்தச் சில்லு வேண்டும். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அக்காவிடம் பேசும்போது நான் இதைச் சொல்லவில்லை. உங்கள் தலைச்சுமையைக் குறைக்கத்தான் மிஷின் என்று மட்டும் சொன்னேன். ஒரு பொருளால் இரண்டு பேருக்கு இரண்டு விதமான பலன் வரும்போது, நம் பலனை மூடிவைத்து அவர்கள் பலனை மட்டும் முன்னால் காட்டுவது பழைய தந்திரம். முதலாளிகள் காலங்காலமாகச் செய்வது. பெண் என்பதால் நான் அதிலிருந்து தப்பிவிடவில்லை.

*

எங்கள் பக்கத்தில் தோப்புத் துப்புரவுக்கு ஆள் கூப்பிடும்போது கூலி பேசுவார்கள், விறகைப் பேசமாட்டார்கள். பேசாததால் அது இல்லை என்று ஆகாது. சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது ஒவ்வொரு பெண் தலையிலும் ஒரு கட்டு இருக்கும். தடித்த மரம் வெட்டுக்காரருக்கோ வியாபாரிக்கோ போகும். கொப்பும் சிமிரும் மிலாறும் பெண்களுக்கு. இது எங்கும் எழுதப்படாத பங்கு. நிலத்துக்காரர் அதைச் 'சலுகை' என்பார். எடுத்துப் போகிறவர் அதைக் கூலியின் மறுபாதி என்று கணக்கு வைத்திருப்பார். அக்காவின் கேள்வியில் 'கெடையாதா' என்ற சொல் இருந்தது. வழக்கமாகக் கிடைப்பது கிடைக்காமல் போகும்போது சொல்லும் சொல் அது. அதில் கெஞ்சல் இல்லை.

சிப்பர் இந்தப் பங்கைத் தொடாமல் இருக்காது. அதன் வாய்க்கு மிகவும் பிடித்தது பெண்கள் எடுத்துப் போகும் அதே அளவுக் கொப்புதான். மரம் வெட்டுக்காரரின் பங்கை அதனால் மெல்ல முடியாது. வெட்டுக்காரர், வியாபாரி, நிலத்துக்காரி, கூலிப்பெண்கள் என்ற நால்வரில் மிஷின் வந்ததும் இழப்பு ஒருவருக்கு மட்டும்தான் வருகிறது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பது உண்மை. திட்டம் போடாமலே இப்படி நடக்கிறது என்பதுதான் கவலைக்குரியது.

கீழே விழுந்த சுள்ளி யாருடையது என்பது உலகத்தின் பழைய கேள்விகளில் ஒன்று. 1841இல் ஜெர்மனியின் ரைன் பகுதிச் சட்டமன்றம், காட்டில் விழுந்து கிடக்கும் காய்ந்த விறகைப் பொறுக்குவதையும் திருட்டு என்று ஆக்கும் சட்டத்தை விவாதித்தது. 1842இல் இருபத்துநான்கு வயது இளைஞரான கார்ல் மார்க்ஸ் அதை எதிர்த்துப் பத்திரிகையில் தொடர் எழுதினார். உயிருள்ள மரத்தை வெட்டுவது வேறு, மரமே உதிர்த்த சுள்ளியை எடுப்பது வேறு, பின்னது ஏழைகளின் வழக்குரிமை என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதற்கும் முன்பு, 1788இல், அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்க யாருக்கும் பொதுச் சட்டத்தில் உரிமை இல்லை என்று இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலும் கதிர் பொறுக்கப் போனவர் ஒரு பெண்தான். ரூத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அறுப்பவர் பெரும்பாலும் ஆணாகவும் பின்னால் குனிந்து பொறுக்குகிறவர் பெண்ணாகவுமே உலகம் முழுதும் இருந்திருக்கிறது.

ரைன் பகுதிச் சட்டமன்றத்துக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. எனக்கு அதுவும் தேவையில்லை. ஒரு மிஷின் வாங்கினால் போதும். யாரையும் திருடி என்று சொல்லாமல், யாரையும் விரட்டாமல், சுள்ளியை நான் சில்லாக்கிவிடலாம். சில்லை யாரும் அடுப்புக்குப் பொறுக்கிப் போக மாட்டார்கள். ஒரு வழக்குரிமை சண்டையே இல்லாமல் மறைந்துவிடும். கருவிகள் நடுநிலையானவை, பயன்படுத்துகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்வதை நான் சந்தேகிக்கத் தொடங்கியது இங்கேதான்.

*

இதற்கு மறுப்பு உண்டு. அதை என் தோழி ஒருத்தி என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள். "விறகடுப்புப் புகை பெண்களின் நுரையீரலைத் தின்கிறது. கூலியைப் பணமாகக் கொடுக்காமல் விறகாகக் கொடுப்பது ஜமீன் காலத்துப் பழக்கம். அந்தப் புகையைக் காப்பாற்றுவதுதான் உன் பெண்ணியமா? எல்லாரும் கேஸுக்குப் போகட்டும், மிஷின் வரட்டும், கூலியை உயர்த்திக் கொடு."

இதில் பெரும்பகுதி சரி. சுமக்கும் உழைப்பில் எந்தப் புனிதமும் இல்லை. தலையில் விறகோடு வரப்பில் நடக்கும் பெண்ணின் படம் நாட்காட்டிகளில் அழகாக இருக்கும். அவள் கழுத்து எலும்புக்கு அந்த அழகு தெரியாது. புகையைப் பற்றியும் விவாதிக்க எதுவும் இல்லை. ஆனால் அக்காவின் வீட்டில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைக் குடும்பங்களின் பெண்கள் பெயரில் இணைப்பு தந்தது. இணைப்பு ஒருமுறை கிடைத்தால் போதும். சிலிண்டரையோ திரும்பத் திரும்பக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால் தேநீருக்கும் அவசரத்துக்கும் கேஸ், சோறாக்கவும் வெந்நீர் போடவும் விறகு என்று அவர் பிரித்து வைத்திருக்கிறார். என் தோப்பிலிருந்து கொண்டுபோகும் விறகு அவருக்கு எத்தனையோ சிலிண்டர் நாட்களை மிச்சப்படுத்துகிறது. விறகை நான் நிறுத்தினால் அவர் புகையிலிருந்து விடுபட மாட்டார். வேறிடத்தில் விறகு தேடிப் போவார். அடுத்த விறகு வனத்துறை எல்லைக்குள் இருக்கிறது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ஒரு நூலில் வீட்டுக்கருவிகளின் வரலாற்றை ஆராய்ந்தார். இரும்பு அடுப்பு வந்தபோது விறகுச் செலவு குறைந்தது. அதனால் வேலை குறைந்தது விறகு பிளந்துகொண்டிருந்த ஆண்களுக்குத்தான். சமைத்துக்கொண்டிருந்த பெண்களின் வேலை குறையவில்லை. ஒரே அடுப்பில் பல பதார்த்தம் செய்யலாம் என்று ஆனதும் கூடியது. "வேலையைக் குறைக்கும் கருவி" என்று யாராவது சொன்னால், யாருடைய வேலையை என்று உடனே கேட்க வேண்டும் என்பதை நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.

என் தோழியின் வாதத்தில் ஒரு வாக்கியம் மட்டும் மாற வேண்டும். 'மிஷின் வரட்டும், கூலியை உயர்த்திக் கொடு' என்று அவள் சொன்ன வரிசையில் மிஷின் முதலில் வருகிறது. முதலில் வருவது நிச்சயம் நடக்கும். பின்னால் வருவது நல்ல மனசைப் பொறுத்தது. வரிசையைத் திருப்பிப் போட்டால்தான் அது நியாயமாகும்.

*

மிஷின் பார்க்கக் கடைக்குப் போன கதையையும் சொல்ல வேண்டும். ஒரு நகரத்துக் கடையில், "வீட்டுல ஆம்பளைங்க யாரையாவது கூட்டிட்டு வாங்கம்மா, விளக்கமாச் சொல்றேன்" என்றார்கள். விளக்கத்தை எனக்கே சொல்லச் சொல்லி உட்கார்ந்தேன்.

சொன்னதும் பிறகு நானாகத் தெரிந்துகொண்டதும் இவை. சிறிய பெட்ரோல் மிஷின்கள் ஐந்து முதல் ஏழு குதிரைத்திறன் கொண்டவை. இரண்டு அங்குலக் கொப்பு வரை நிம்மதியாக அரைக்கும். நான்கு அங்குலத்துக்கு மேல் வேண்டுமென்றால் பெரிய என்ஜின், அல்லது டிராக்டரில் பூட்டி ஓட்டுவது. விளம்பரத்தில் போட்டிருக்கும் தடிமன் பச்சையான, மெதுவான மரத்துக்கானது. காய்ந்த கெட்டி மரத்துக்கு அதில் பாதி என்று கணக்கு வைப்பது நல்லது. கத்தி வைத்த மிஷின் நேரான கொப்பை நன்றாகச் சீவும். இலையும் பின்னலுமான உண்ணிச்செடிக்குச் சுத்தியல் வைத்த அரைப்பான் ஏற்றது. மண் ஒட்டிய வேர்க்கட்டையையும் கல்லையும் விட்டால் கத்தி மழுங்கிவிடும். சில பெரிய மிஷின்களில் உருளை கொப்பைத் தானே இழுத்துக்கொள்ளும். சிறியவற்றில் நாம்தான் தள்ளிக் கொடுக்க வேண்டும்.

அந்த உருளையைப் பார்த்தபோதுதான் எனக்கு இரண்டாவது கேள்வி வந்தது. அது இழுக்கும் வேகத்தில், கிளையின் கவட்டில் ஒரு முந்தானை நுனியோ வளையலோ மாட்டினால், விடுவிக்க வேண்டும் என்று மனம் நினைப்பதற்குள் கை உள்ளே போயிருக்கும். கையுறை போடலாம்தான். தொளதொளத்த கையுறையும் அதே ஆபத்துதான். அவசரத்துக்கு நிறுத்தும் கம்பி வாயைச் சுற்றி இருக்கிறது. ஆனால் அது கால்சட்டை போட்ட, உயரமான ஒருவரின் இடுப்பையும் கையெட்டையும் மனதில் வைத்து அமைத்தது. சேலை கட்டி, மேலே ஆண் சட்டை போட்டு, தலையில் துண்டு சுற்றிய ஐந்தடிக்கும் குறைவான பெண் ஒருத்தி அதன் முன்னால் நிற்பாள் என்று அதை வரைந்தவர் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் நிற்கப் போவது அவள்தான்.

ஏன் அவள்தான்? எஸ்தர் போஸ்ரப் 1970இல் எழுதிய நூல் இதற்குப் பதில் சொல்கிறது. புதிய கருவி வரும்போது அதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஆணுக்குப் போகிறது. பெண்ணுக்குக் கைக்கருவியே மிஞ்சுகிறது. பிறகு ஆணின் வேலைக்கு மதிப்பும் கூலியும் ஏற, பெண்ணின் வேலை 'கீழ்வேலை' ஆகிறது. இங்கே அதைக் கண்ணால் பார்க்கலாம். நிழல் மரத்தில் கொப்பு இறக்க ஏறுகிற ஆணுக்குக் கூலி அதிகம். கீழே களை எடுக்கிற, காய் எடுக்கிற பெண்ணுக்குக் குறைவு. மரம் ஏறுவது ஆபத்தான வேலை, அதனால் அதிகம் என்று நியாயம் சொல்வார்கள். சரி. ஆபத்துக்குத்தான் கூலி என்றால் சிப்பரின் வாய்ப்பக்கம் நிற்பவருக்குத்தானே அதிகம் தர வேண்டும்? நடப்பது அப்படி இல்லை. என்ஜினைக் கிளப்பிவிட்டு அருகில் நிற்கும் பையன் 'ஆபரேட்டர்'. கொப்பை இழுத்து வந்து வாயில் கொடுக்கும் பெண்கள் 'ஹெல்பர்'. 1976இன் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஒரே கூலி என்றது. அதைத் தாண்டிப் போக வேலைக்கு இரண்டு பெயர் வைத்தால் போதும் என்பதை நாடு வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டது.

விவசாய இயந்திரங்கள் கை கால்களைத் தின்ற வரலாறு இந்த நாட்டில் இருக்கிறது. கதிரடிக்கும் இயந்திரங்களில் அடிபட்டு ஊனமானவர்களை முன்னிட்டு 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டமே வந்தது. கூலிக்கு வந்த பெண் ஒருத்தியின் கை போனால், அவளுக்குப் போவது கை மட்டுமல்ல. நாளைய ஜீப்பில் அவளுக்கிருந்த இடமும் போய்விடும்.

இங்கே ஒழுக்கம் சார்ந்த கேள்வி எனக்கு இப்படித் தெளிவானது: ஆபத்தில் நிற்கப் போகாதவர், நிற்கப் போகிறவருக்காகச் சம்மதம் சொல்ல முடியுமா? கடையில் உட்கார்ந்து மாடலைத் தேர்ந்தெடுப்பது அப்படியொரு சம்மதத்தைத்தான் அவர்கள் சார்பில் நான் கொடுப்பது.

*

மானியத்தைப் பற்றியும் கொஞ்சம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவான விவசாயிகளுக்கு 40 விழுக்காடு மானியம் என்றால், பெண் விவசாயிகளுக்கும் சிறு குறு விவசாயிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி விவசாயிகளுக்கும் 50 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அது கிடைக்கும், ஏனென்றால் பட்டா என் பெயரில் இருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் ஏறத்தாழ 14 விழுக்காடுதான் பெண்கள் கையில் இருக்கிறது. வயலில் குனிந்திருக்கும் பெண்களில் பெரும்பாலோர் அந்தப் படிவத்தில் 'விவசாயி' என்ற கட்டத்துக்குள் வரவே மாட்டார்கள். அரசு 'பெண்' என்று சொல்லித் தரும் கூடுதல் பத்து விழுக்காடு நிலமுள்ள பெண்ணிடம் வந்து நிற்கிறது. அந்தப் பணத்தில் வாங்கிய மிஷினோ நிலமில்லாத பெண்ணின் விறகை எடுத்துக்கொள்கிறது. 'பெண்களுக்கான திட்டம்' என்ற இரண்டு சொற்களுக்குள் நானும் அக்காவும் ஒன்றாக அடைபட்டிருக்கிறோம். வெளியே, எங்கள் ஊரில், நிலம் உள்ளவர் இல்லாதவர் என்ற கோடு பெரும்பாலும் சாதிக் கோடும்தான். அதை விட்டுவிட்டுப் பெண்களின் ஒற்றுமையைப் பேசினால், அந்த ஒற்றுமையின் செலவை ஒருத்தி மட்டுமே கொடுத்துக்கொண்டிருப்பாள்.

*

பிறகு ஒரு நாள் அக்காவையும் அவரோடு வேலைக்கு வரும் மூன்று பெண்களையும் வரப்பில் உட்காரவைத்துப் பேசினேன். முன்பு சொல்லாமல் விட்டதை முதலில் சொன்னேன்: சில்லு என் மண்ணுக்கு வேண்டும், அதனால்தான் மிஷின். அக்கா சிரித்துவிட்டு, "அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

தீ வைக்கக் கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். குரங்கணித் தீயின் புகையை அவர்கள் இங்கிருந்தே பார்த்தவர்கள். உண்ணிச்செடியை யாருமே விறகுக்கு விரும்பவில்லை. வெடிக்கும், புகையும், முள். சவுண்டல் நல்ல விறகு, ஆனால் விரல் தடிமன் சுள்ளியைக் கட்டித் தூக்குவதில் கூலிக்குக் கட்டாது. "மணிக்கட்டுத் தண்டிக்கு மேல இருந்தா எங்களுக்கு. அதுக்குக் கீழ எல்லாத்தையும் ஒங்க மிஷினே திங்கட்டும்" என்றார் ஒரு பெண். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் ஒரு மாதமாக விலைப்பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வாக்கியம் மிஷினையே மாற்றிவிட்டது. மணிக்கட்டு அளவுக்கு மேல் எதுவும் உள்ளே போகப் போவதில்லை என்றால் எனக்கு நான்கு அங்குல மிஷின் எதற்கு? டிராக்டர் எதற்கு? என் சரிவில் டிராக்டர் ஏறவும் செய்யாது. இழுத்துக்கொள்ளும் உருளையே தேவையில்லை. இரண்டு பேர் தள்ளி நகர்த்தக்கூடிய, இலையையும் மெல்லிய கொப்பையும் அரைக்கும் சிறிய மிஷின் போதும். அதன் வாய்க்குழல் கையெட்டாத அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். கடைசித் துண்டைக் கையால் தள்ளாமல் ஒரு கவட்டைக் கம்பால் தள்ள வேண்டும். மிஷினைச் சமதளத்தில் நிறுத்தி, நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று கொடுக்க வேண்டும். அவர்களுடைய பங்கை உரிமையாக ஏற்றுக்கொண்டதும் மிஷின் சிறியதாயிற்று, விலை குறைந்தது, ஆபத்தும் குறைந்தது. நியாயம் எப்போதும் செலவு கூடியதுதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். குறைந்தபட்சம் இந்த ஒரு விஷயத்தில் அது உண்மையில்லை.

எல்லாம் இப்படிச் சுலபமாக முடியவில்லை. மிஷின் வந்தால் வேலை நாட்கள் குறையும். சுமந்து குவிக்கும் வேலை பத்து நாள் என்றால் அது பாதியாகும். அந்த நாட்களுக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். சில்லைச் சமமட்ட வரிசையில் பரப்பும் வேலை இருக்கிறது. மரத்தூரை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், கரையான் ஏறும் என்பதால் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். அந்த வேலை சில நாட்களை ஈடுகட்டும், எல்லா நாட்களையும் அல்ல. மீதிக்கு நாள்கூலியை உயர்த்துவதாகச் சொன்னேன். உயர்த்திய கூலியும் குறைந்த நாட்களும் சேர்ந்து பழைய வருமானத்துக்கு வருமா என்று அவர்கள் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்கள். வரவில்லை. இரண்டு நாள் கூலி குறைந்தது. அதை நான் சேர்த்துத் தர ஒப்புக்கொண்டேன். அதோடு எனக்குச் சுள்ளி 'இலவசம்' என்ற நினைப்பு போய்விட்டது. இவ்வளவு நாளும் அந்த இலவசத்தை யார் கொடுத்துவந்தார்கள் என்பதும் தெரிந்தது.

மிஷினை ஓட்ட அக்காவின் மருமகனை வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். போஸ்ரப்பைப் படித்துவிட்டும் அதைத்தான் சொன்னேன். "ஏன், எனக்குச் சொல்லிக் குடுத்தா ஓட்ட மாட்டனா? ஆனா ஓட்டுறவுங்களுக்கு உள்ள கூலியக் குடுத்துரணும்" என்றார் அக்கா. மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சேலையோடு மிஷினருகே நிற்பதில்லை என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். ஏலக்காட்டில் அட்டைக்காகவும் குளிருக்காகவும் சட்டையும் கால்சட்டையும் போட்டுப் பழகியவர்கள்தான். வளையலைக் கழற்றிவைப்பதில் மட்டும் ஒருவருக்குத் தயக்கம். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் கொப்பு இழுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகை மையங்களும் கருவிகளை வாடகைக்குத் தருகின்றன. இரண்டரை ஏக்கருக்கு வருடத்தில் ஒரு வாரம் மட்டும் ஓடும் மிஷினைச் சொந்தமாக்கி மீதி ஐம்பத்தோரு வாரம் தூசியடைய வைப்பதில் என்ன நியாயம் என்பது தனிக் கேள்வி. நாலைந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு மிஷினை வாங்கி, தோப்புத் தோப்பாக எடுத்துப்போய் ஓட்டினால் ஆபரேட்டர் கூலியும் வாடகையும் அவர்களுக்கே வரும். அந்தப் பேச்சு தொடங்கியிருக்கிறது. பட்டா இல்லாத குழுவுக்கு மானியம் வாங்க எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

வெட்டுவதற்கு முன் இன்னொன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்ட கிராமங்களில் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது. புதருக்குள் சவுண்டலோடு சேர்ந்து வேறு சில நாட்டு மரக் கன்றுகளும் முளைத்திருக்கின்றன. அவற்றை அடையாளம் காட்டியதும் அக்காதான். நான் எல்லாவற்றையும் 'சின்ன மரம்' என்றே எண்ணி வைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றின் இலையையும் கசக்கி மோந்து பார்த்துப் பெயர் சொன்னார், விட வேண்டியவற்றில் துணி கட்டினார். இப்போது மேல்பாதியில் ஏழு துணிகள் ஆடுகின்றன.

தை பிறந்துவிட்டது. மாசிக்குள் சரிவு சுத்தமாகியாக வேண்டும். அக்காவின் கேள்விக்கு இப்போது நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: மணிக்கட்டுத் தண்டிக்கு மேல் உள்ளது உங்களுடையது. அதற்குக் கீழே உள்ளது என்னுடையது, ஆனால் அதற்கு விலை உண்டு, அந்த விலையை நான் கொடுக்கிறேன். இதைக் கேட்டபோது அவர், "இத ஒரு தாள்ல எழுதிக் குடு தாயி. அடுத்த வருசம் ஒனக்கு மறந்துபோகும்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.